‘தி வாய்ஸ் இன் தி நைட்’ எழுதிய ஹாட்ஜ்சன் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

இரவுவாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஆங்கிலப் பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றில் போன வாரம் ‘தி வாய்ஸ் இன் தி நைட்’ என்ற கதையைப் படித்தேன். நடுக்கடல், பனிமூட்டம், காற்றில்லாமல் அசையாது நிற்கும் ஒரு கப்பல். இருட்டிலிருந்து ஒரு குரல் சாப்பாடு கேட்கிறது. விளக்கை மட்டும் காட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறது. பேய் கிடையாது, கொலை கிடையாது. ஆனால் படித்து நான்கு நாளாகியும் ரொட்டி ஓரத்தில் கதையில் வருவது போன்ற பூஞ்சை தெரிந்தால் கை தானாகப் பின்னால் போகிறது.

எழுதியவர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன். தொகுப்பில் அவரைப் பற்றி ஒரே வரிதான்: 1877இல் பிறந்தார், 1918இல் போரில் இறந்தார். தேடிப் பார்த்தால் கப்பலில் வேலை பார்த்தார், உடற்பயிற்சிப் பள்ளி நடத்தினார், கட்டுகளிலிருந்து தப்பும் வித்தைக்காரர் ஹூடினியை மேடையில் வைத்துப் பூட்டினார் என்று என்னென்னவோ வருகிறது. ஒரே பெயரில் இருந்த மூன்று பேரை ஒன்றாகக் கலந்துவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. எது உண்மை? அடுத்து இவரிடம் எதைப் படிக்கலாம்?

பழுப்புத்தாள்:

மூன்று பேர் இல்லை, எல்லாம் ஒரே ஆள்தான்.

நாவல்கள் நான்கு. ‘தி போட்ஸ் ஆஃப் தி கிளென் காரிக்’ 1907, ‘தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லாண்ட்’ 1908, ‘தி கோஸ்ட் பைரேட்ஸ்’ 1909, ‘தி நைட் லேண்ட்’ 1912. இவை போக கார்னாக்கி என்ற பேய்த் துப்பறிவாளர் கதைகள் 1913இல் புத்தகமாக வந்தன. நீங்கள் படித்த கதை 1907இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. ஜப்பானில் இஷிரோ ஹோண்டா 1963இல் எடுத்த ‘மடாங்கோ’ படத்துக்கு மூலம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ‘நைட் லேண்ட்’தான் பெரிய படைப்பு என்று யாராவது சொல்வார்கள். அதில் போய் முதலில் விழுந்துவிடாதீர்கள். தடித்த புத்தகம், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் மாதிரி வேண்டுமென்றே முறுக்கி எழுதியிருப்பார். நான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது மேட்:

பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தொன்பது வருடம் வணிகக் கப்பல்களில் இருந்தவன். மூன்றாவது மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே உள்ள ஓர் அதிகாரியாகத் தொடங்கினேன், அதனால்தான் இங்கே இந்தப் பெயர். ஹாட்ஜ்சனும் பரீட்சை எழுதி மேட் சான்றிதழ் வாங்கியவர்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

அவருடைய அப்பா சாமுவேல் ஹாட்ஜ்சன் ஆங்கிலிக்கன் பாதிரியார். எசெக்ஸில் பிளாக்மோர் எண்ட் என்ற சின்ன ஊரில் இவர் பிறந்தார். பிள்ளைகள் மொத்தம் பன்னிரண்டு, அதில் மூன்று கைக்குழந்தையிலேயே போய்விட்டன. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல். கொஞ்ச காலம் அயர்லாந்தின் மேற்கே, கால்வே பகுதியில் உள்ள அர்ட்ராஹனில் இருந்தார்கள். கத்தோலிக்கர் ஊருக்கு மதப் பிரசாரம் செய்யப் போன ஆங்கிலப் பாதிரியார் வீட்டுக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும்? பல வருடம் கழித்து ‘ஹவுஸ் ஆன் தி பார்டர்லாண்ட்’ எழுதும்போது, அயர்லாந்தின் மேற்கே தனியாக நிற்கும் ஒரு வீட்டைப் பன்றிமுகப் பிராணிகள் இரவில் வந்து முற்றுகையிடுவதாக வைத்தார். நான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறேன். ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

பதின்மூன்று வயதில் விடுதிப் பள்ளியிலிருந்து கடலுக்குப் போக ஓடினார். பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆனாலும் பிடிவாதம் ஜெயித்தது. 1891இல் நான்கு வருடப் பயிற்சிப் பையனாகப் பாய்மரக் கப்பலில் ஏறிவிட்டார். மறு வருடம் அப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோக, குடும்பம் வறுமையில் விழுந்தது.

ஆள் குள்ளம், முகம் பெண்பிள்ளை முகம் மாதிரி மென்மையானது. இப்படி ஒரு பையன் பாய்மரக் கப்பலின் முன்பகுதியில் பெரிய ஆட்களிடம் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அடி வாங்கினார். அடி வாங்காமல் இருக்கத்தான் எடை தூக்க ஆரம்பித்தார், ஜூடோ கற்றார். சில வருடத்தில், அவரைச் சீண்டியவன் எழுந்து நடக்க நேரமாகும் என்ற நிலை வந்தது. உடற்பயிற்சிப் பள்ளியின் விதை இதுதான்.

கேமராவும் வைத்திருந்தார். மின்னல், புயல், சுறா, வடதுருவ ஒளி எல்லாவற்றையும் படம் எடுத்தார். மாலுமிகளுக்குப் போட்ட சாப்பாட்டில் நெளிந்த புழுக்களையும் எடுத்தார். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் கப்பலில் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் சூரியன் மறைவதைத்தான் படம் எடுப்பார்கள். புழுவைப் படம் எடுக்கிறவன் மனதில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

1898இல் நியூசிலாந்துக் கரைக்கு அப்பால், சுறாக்கள் திரியும் தண்ணீரில் விழுந்த ஒரு மாலுமியைக் குதித்துக் காப்பாற்றினார். அதற்கு ராயல் ஹியூமேன் சொசைட்டியின் பதக்கம் கிடைத்தது. பதக்கம் வாங்கிய மறு வருடமே கடலை விட்டுவிட்டார்! 1905இல் தான் ஏன் கடலில் இல்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். மோசமான நடத்தை, மோசமான சாப்பாடு, மோசமான சம்பளம், முன்னேற வழி அதைவிட மோசம் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலாளிகள் ஆடும் சதுரங்கத்தில் கடலைப் பலகையாக்கி என்னைக் காயாக வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். மொழிநடை என்னுடையது, கோபம் அவருடையது.

இவரைக் கடற்காதலர் என்று பின்னட்டையில் எழுதுகிறார்கள், அது தப்பு. இவர் கடலை வெறுத்தார். வெறுத்தவர் எழுதியதால்தான் அந்தக் கதை உங்களை விடமாட்டேன் என்கிறது.

நீங்கள் படித்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் வட பசிபிக். அந்தப் பக்கம் கோடையில் பனிமூட்டம் நாள்கணக்கில் கிடக்கும். நான் இரண்டாவது மேட்டாக இருந்தபோது மூன்று இரவு தொடர்ந்து அதற்குள்ளேயே போனோம். பனிமூட்டத்தில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும், விதி அப்படி. ஊதல் அடங்கியதும் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜின் வெளிப்பக்கம் போய்ப் பதில் ஊதல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ரேடார் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், இருந்தாலும் நிற்போம். பனிக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இடப்பக்கம் கேட்டது போல இருக்கும், திரும்பினால் பின்னால் கேட்கும். மூன்றாவது இரவு, ஊதல் அடங்கிய இடைவெளியில் யாரோ தொண்டையைச் செருமியது போலக் கேட்டது. கடற்பறவையாக இருக்கும். அன்றைக்கு வாட்ச், அதாவது என் காவல் முறை முடிந்து அறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினேன்.

ஹாட்ஜ்சன் அந்தக் கதையில் வேறு ஒன்றுமே செய்யவில்லை. அந்தச் செருமலைத் தொடர்ந்து பேச வைத்தார். பேசுகிறவன் மரியாதைக்காரன், பசியில் இருப்பவன், வருங்கால மனைவிக்காகச் சாப்பாடு கேட்கிறான். கப்பல்காரர்களும் பெட்டியில் உணவை வைத்துத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். கடலில் உதவி கேட்டால் கொடுத்தாக வேண்டும், அது எழுதாத சட்டம். கொடுத்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதில்தான் வயிறு கலங்குகிறது.

சரி, ஹூடினிக்கு வருவோம். கரைக்கு வந்தவர் 1899இல் லங்காஷயரில் பிளாக்பர்ன் நகரில் உடற்பயிற்சிப் பள்ளி திறந்தார். உள்ளூர் போலீஸ்காரர்கள்கூட வந்து பயின்றார்கள். ஊரில் படிக்கட்டு போட்ட அளவுக்குச் செங்குத்தான தெரு ஒன்றில் சைக்கிளை விட்டு இறங்கியவர் என்றும் பெயர். 1902 அக்டோபரில் ஹூடினி அங்கே பேலஸ் தியேட்டருக்கு வந்தார். என்னைக் கட்ட முடியுமா, தோற்றால் 25 பவுண்ட் என்பது அவருடைய வழக்கமான சவால். ஹாட்ஜ்சன் தன் சொந்தக் கைவிலங்குகளோடு மேடை ஏறிவிட்டார். எந்தத் தசையை எப்படி மடக்கினால் பலம் போய்விடும் என்று தெரிந்த ஆள் அல்லவா, கைகளைப் பின்னுக்கு இழுத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டுகளில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று ஹூடினி முறையிட்டார். நடுவில் கை மரத்துவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்டபோதும் ஹாட்ஜ்சன் மறுத்துவிட்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராடி, சட்டை கிழிந்து, ரத்தக் காயத்தோடுதான் ஹூடினி வெளியே வந்தார். கூட்டம் முழுக்க ஹூடினி பக்கம். இப்படிக் கொடூரமாக என்னை யாரும் கட்டியதில்லை என்று அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு முழுச் சிரிப்பு வருவதில்லை. கட்டப்பட்டவன் தளர்த்தச் சொல்லிக் கேட்டும் தளர்த்தாத அந்த ஆள், எட்டு வருடக் கப்பல் வாழ்க்கையில் யாரிடம் பாடம் படித்தான் என்றுதான் தோன்றும்.

இரவுவாசகி:

சார், செருமல் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். இனி இந்தக் கதையைத் திரும்பப் படிக்கிற தைரியம் எனக்கு வராது.

ஒரு சந்தேகம். பள்ளி நன்றாகப் போயிருந்தால் கதை பக்கமே வந்திருக்க மாட்டாரோ? அப்புறம், போரில் எப்படி இறந்தார்? கடற்படையிலா?

கார்னாக்கி கட்சி:

மேட் அண்ணே, கார்னாக்கியைத் தொடவே இல்லையே! நான் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் செல்சியா பகுதி, செய்ன் வாக் தெருவில் வீடு. நான்கு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். சாப்பாடு முடியும் வரை கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்புறம் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு சொல்லி முடித்து, போய்த் தூங்குங்கள் என்று எல்லாரையும் வெளியே தள்ளிவிடுவார். பேயைச் சமாளிக்க எலக்ட்ரிக் பென்டக்கிள் என்ற கருவி. பழைய மந்திரச் சக்கரத்தை வெற்றிடக் குழாய்களை வைத்து ஒளிரவிட்டால் எப்படியிருக்கும், அதுதான். கேமரா, மெழுகு, நூல், முடி என்று வீடு முழுக்கப் பொறி வைப்பார். இன்றைக்கு டிவியில் பேய் தேடுகிறவர்கள் செய்வதை அவர் 1910லேயே செய்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், சில கேஸில் கடைசியில் பேயே இருக்காது, ஆள் செய்த தில்லுமுல்லாக இருக்கும். சிலதில் நிஜமாகவே இருக்கும். ஒன்றிரண்டில் இரண்டும் இருக்கும். அதனால் எந்தக் கதையிலும் முன்கூட்டியே நிம்மதியாக உட்கார முடியாது. ‘தி விசிலிங் ரூம்’ படியுங்கள். ஓர் அறை விசிலடிக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

பழுப்புத்தாள்:

கார்னாக்கி கதைகள் பத்திரிகைக்காக ஒரே அச்சில் வார்த்தவை தம்பி. முதல் இரண்டு பிரமாதம், நான்காவதில் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

மூன்றாவது மேட்:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வயிற்றுப்பாட்டுக்கு எழுதியவை. ஆனால் ‘விசிலிங் ரூம்’ விஷயத்தில் நான் தம்பி கட்சி.

இரவுவாசகி, நீங்கள் ஊகித்தது சரி. பள்ளியில் பிழைப்பு ஓடவில்லை. முதலில் உடற்பயிற்சி பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பார்த்தார், தன் புகைப்படங்களோடு கடல் பற்றிச் சொற்பொழிவும் செய்தார். அப்புறம்தான் கதை. 1904இல் முதல் கதை அச்சாகியது. 1906இல் அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலில் பாசிக்குள் மாட்டிக்கொண்ட கப்பலைப் பற்றி ‘ஃபிரம் தி டைட்லெஸ் சீ’ எழுதியது அமெரிக்காவில் எடுபட்டது. அங்கிருந்துதான் தொடர்ந்து பணம் வர ஆரம்பித்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். சர்காசோ பாசி கப்பலைப் பிடித்து வைக்காது. மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக மிதக்கும், கப்பல் கிழித்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் ஹாட்ஜ்சனுக்குத் தெரியாதா? தெரிந்தே பொய் சொன்னார். கரையில் இருப்பவர்கள் நம்ப ஆசைப்படும் பொய் எது என்று கண்டுபிடித்து, அதற்குள் உண்மையான கயிறு, உண்மையான விளக்கு, உண்மையான பசி எல்லாவற்றையும் வைத்தார். ‘கோஸ்ட் பைரேட்ஸ்’ நாவலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு பாய்மரக் கப்பல், இரவு வாட்ச், பக்கச் சுவரைத் தாண்டி ஒரு நிழல் கடலிலிருந்து ஏறி உள்ளே வருகிறது. அப்போதும் பாயை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஆள் பாய்மரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். மேலே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தும் ஏறுகிறார்கள். பயத்தைவிட உத்தரவு பெரியது. கரையில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு இது தோன்றவே தோன்றாது. உங்களுக்கு நான் சொல்லும் அடுத்த புத்தகம் இதுதான். சின்னது, இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும்.

‘பார்டர்லாண்ட்’ அதற்கு அப்புறம். பன்றிப் பிராணிகள் பகுதியை எல்லோரும் சிலாகிப்பார்கள். நான் சொல்வது பின்பாதி. ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, காலம் வேகமெடுக்கிறது. பகலும் இரவும் விளக்கு சிமிட்டுவது போல மாறி, சூரியன் வானத்தில் ஒரு கோடாகிவிடுகிறது. பக்கத்தில் படுத்திருந்த நாய் தூசியாகிக் கிடக்கிறது. நாய் வளர்த்தவர்கள் அந்தப் பக்கத்தை மெதுவாகக் கடக்கவும்.

‘நைட் லேண்ட்’ பற்றிப் பழுப்புத்தாள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மொழி தாங்காது. ஆனால் காட்சி? சூரியன் செத்து லட்சக்கணக்கான வருடங்கள் ஆன பூமி. மிச்சமுள்ள மனிதர்கள் எல்லாரும் ஏழு மைலுக்கு மேல் உயர்ந்த ஓர் உலோகப் பிரமிடுக்குள் இருக்கிறார்கள். வெளியே இருட்டில் மலை மாதிரி பெரிய உருவங்கள் யுகக்கணக்கில் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்கூட மொழியையும் காதல் குழைவையும் திட்டிவிட்டுத்தான், இது போலக் கற்பனை அரிது என்றார். அச்சில் கடைசியாக வந்த இதைத்தான் அவர் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சாம் காஃபோர்ட் என்ற ஆய்வாளர் ஹாட்ஜ்சனின் கடிதங்களை வைத்து வாதிட்டிருக்கிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. கட்டுப்பாடில்லாமல் எல்லாவற்றையும் கொட்டியிருப்பது இளம் வயதுக் காரியம்.

1913இல் பெட்டி ஃபார்ன்வொர்த்தை மணந்தார். இருவரும் பிரான்சின் தெற்கே குடியேறினார்கள், அங்கே செலவு குறைவு. மறு வருடம் போர். ஊர் திரும்பி ராணுவத்தில் சேர்ந்தார். கடற்படையா என்று கேட்டீர்கள். கையில் மேட் சான்றிதழ், எட்டு வருட அனுபவம், கூப்பிட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடல் பக்கமே வரமாட்டேன் என்று பீரங்கிப் படைக்குப் போனார். 1916இல் குதிரை தூக்கி எறிந்து தாடை உடைந்தது, தலையிலும் அடி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தோடு இருந்திருக்கலாம். உடம்பைத் தேற்றிக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி போனார்.

போர்முனையிலிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், இடிந்து உருவமில்லாமல் நிற்கும் கட்டடங்களைச் சூரியன் சாயும் நேரத்தில் பார்த்ததைச் சொல்கிறார். உலகத்தின் முடிவு, ‘நைட் லேண்ட்’ எல்லாம் இங்கேயே இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மைல் தூரத்தில், என்கிறார்.

1918 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே குண்டு நேராக அவர் மேல் விழுந்தது. சிலர் 17ஆம் தேதி என்கிறார்கள், சிலர் 19 என்கிறார்கள்.

அதற்கு அப்புறம் பல வருடம் அவரை மறந்தே போனார்கள். 1930களில் கோனிக் என்ற அமெரிக்க வாசகர் தன்னிடம் இருந்த பிரதிகளைப் பலருக்கும் இரவல் கொடுத்துச் சுற்றுக்கு விட்டார். லவ்கிராஃப்டே அப்படித்தான் படித்தார். 1946இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் நான்கு நாவலையும் ஒரே புத்தகமாகப் போட்டது. ஒரு மனிதர் இரவல் கொடுத்ததால் பிழைத்த எழுத்தாளர்.

இரவுவாசகி:

‘கோஸ்ட் பைரேட்ஸ்’ கிடைத்துவிட்டது, இன்று இரவு தொடங்குகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார். அந்தப் பனிமூட்டத்தில் கேட்ட செருமலை அன்றைக்குக் கப்பலில் வேறு யாராவது கேட்டார்களா?

மூன்றாவது மேட்:

என்னோடு நின்ற மாலுமி கேட்டார். மறுநாள் காலை டீ குடிக்கும்போது, நேற்று நீங்கள்தானே செருமினீர்கள் என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கார்னாக்கி கட்சி:

அண்ணே!!